கைக்குத் தெரிந்ததை எழுதுங்கள்: மலாக்கா தோட்டத்துப் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

ஜாசின், அலோர் காஜா, மத்திய மலாக்கா ஆகிய மூன்று மாவட்டங்களின் தோட்டங்களிலும் சிற்றூர்களிலும் வேர்விட்ட குடும்பங்களிலிருந்து இன்று பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். உங்களில் சிலர் ரும்பியா, தெபோங், மெர்லிமாவ், புக்கிட் லிந்தாங் தமிழ்ப்பள்ளிகளில் படித்தவர்கள். சிலர் தோட்டத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பாச்சாங்கிலோ பத்து பெரண்டாமிலோ ஒரு தாமானில் வளர்ந்தவர்கள். பாட்டி பால்மரம் வெட்டினார் என்று கேள்விப்பட்டதோடு சரி. எப்படி இருந்தாலும், உங்கள் சொந்தத்தில் எங்கோ ஒரு வீட்டில் பால்மரம் வெட்டிய ஒரு வயதான கை இன்னும் இருக்கும். அந்தக் கையைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்.

நான் ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவள். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டினார். நான் தத்துவம் படித்தேன். உடம்பும் 'நான்' என்ற உணர்வும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதுதான் என் படிப்பு. இந்த இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நெடுங்காலம் எனக்குத் தோன்றவே இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் செலண்டார் பக்கம் காரில் போய்க்கொண்டிருந்தோம். சாலையோரம் ஒரு கிழட்டு ரப்பர் மரம், வெட்டுவாரில்லாமல் நின்றது. அம்மா காரை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய் மரத்தின் பழைய வெட்டுத் தழும்பில் கட்டைவிரலை வைத்து, மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவினார். பிறகு சொன்னார்: "இது அவசரக் கை. உளி ஆழமா இறங்கியிருக்கு. பாரு, பட்டை முடிச்சு முடிச்சா வளந்திருக்கு. இந்தப் பக்கம் வெட்டினது வேற ஆளு. நெதானமான ஆளு."

தான் பார்த்தே இராத இரண்டு மனிதர்களின் குணத்தை ஒரு மரப்பட்டையில் அவர் வாசித்தார். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அந்த விரல் மட்டும் கூட்டாமல் படித்தது.

தம்பி தங்கைகளே, நான் படித்த துறைக்குத் தமிழில் நிகழ்வியல் என்று பெயர். தோற்றப்பாட்டியல் என்றும் எழுதுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்மண்ட் ஹுசர்ல் என்ற ஜெர்மானியத் தத்துவ அறிஞர் தொடங்கி வைத்தது. அதன் முதல் பாடம் எளியது. ஒன்றை விளக்குவதற்கு முன்னால், அது அனுபவிக்கிறவருக்கு எப்படித் தோன்றுகிறது என்று விவரி. ஏற்கெனவே ஊரில் உலவும் விளக்கங்களைக் கொஞ்ச நேரம் ஓரமாக எடுத்து வை. அவை பொய் என்று சொல்ல வேண்டாம், உண்மை என்றும் சொல்ல வேண்டாம்; வாசலில் செருப்பைக் கழற்றி வைப்பதுபோல் வைத்துவிட்டு உள்ளே வா.

நம் தோட்டத்து மக்களைப் பற்றி அப்படி ஓரமாக எடுத்து வைக்க வேண்டிய விளக்கங்கள் மூன்று உண்டு. கம்பெனிக் கணக்குப் புத்தகத்தில் அவர்கள் 'கூலி'. இத்தனை ஆள், இத்தனை ராத்தல் பால். மேடைப் பேச்சில் அவர்கள் 'பாவப்பட்ட சனம்'. படித்து வெளியேறிய நம்முடைய வாயில் அவர்கள் 'ஒன்றும் தெரியாதவர்கள்'. இந்த மூன்றையும் கழற்றி வைத்துவிட்டுப் பாருங்கள். என்ன தெரிகிறது?

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்த ஒரு பெண் தெரிகிறார். பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கோடு தன் நிரைக்குள் நுழைகிறார். சூரியன் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் மரம் இலை வழியே நீரை இழக்கும், பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்களில் அழுத்தம் இறங்கும், பால் குறையும். பட்டையில் சாய்வாக, இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சீவல். பால் குழாய்கள் அதிகம் இருப்பது பட்டையின் உட்புறத்தில், மரத்தை வளர்க்கும் மெல்லிய படலத்துக்கு மிக அருகில். உளி அந்தப் படலத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிட வேண்டும். முன்கூட்டியே நின்றால் பால் போதாது, தண்டல் கத்துவார். தாண்டினால் மரத்துக்குக் காயம். பட்டை மறுபடி ஒழுங்காக வளராது. அந்தப் படலம் கண்ணுக்குத் தெரியாது. வெளியே இருட்டு. ஒரு காலையில் ஏறக்குறைய ஐந்நூறு மரம்.

மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் இருந்த ஹென்றி ரிட்லி 1890களில் வகுத்தார் என்று புத்தகங்கள் சொல்கின்றன. அவர் தூண்டுதலால் 1896இல் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். இருவர் பெயரும் வரலாற்றில் இருக்கின்றன, இருக்க வேண்டியவைதான். ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டரை நாள் தவறாமல், இருட்டில், தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியவர்களின் பெயர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் மட்டுமே இருந்தது. செக்ரோல் அவர்கள் வந்தார்களா இல்லையா என்று குறித்தது. அவர்களுக்கு என்ன தெரியும் என்று குறிக்க அதில் கட்டம் இல்லை.

பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் மொரீஸ் மெர்லோ-பொன்ட்டி 1945இல் வெளியிட்ட புலனறிவின் நிகழ்வியல் என்ற நூலில் பார்வையற்றவரின் கைத்தடி ஒன்று வருகிறது. தடி பழகிய பிறகு அவர் தடியை உணர்வதில்லை. தடியின் நுனியால் தரையை உணர்கிறார். அவருடைய தொடுவுணர்வு உள்ளங்கையில் நிற்காமல் தடியின் முனைக்கு இறங்கிப் போய்விடுகிறது. அதே நூலில் தட்டெழுத்துப் பழகியவர் ஒருவரும் வருகிறார். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது; விரலுக்குத் தெரியும். இதிலிருந்து மெர்லோ-பொன்ட்டி சொன்னது இதுதான்: உடம்பு என்பது மனம் ஓட்டும் வண்டி அன்று. உலகத்தை முதலில் அறிவது உடம்பு. 'என்னால் முடியும்' என்பதுதான் முதல் அறிவு. 'நான் நினைக்கிறேன்' என்பது அதற்குப் பிறகு வருவது.

இந்தப் பகுதியை நான் வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஒருமுறைகூட என் அம்மாவின் உளியை எடுத்துக்காட்டாகச் சொன்னதில்லை. செலண்டார் சாலையில் அந்த மரத்தடியில் நின்றபோதுதான் அதற்காக வெட்கப்பட்டேன். "எவ்வளவு ஆழத்தில் நிறுத்தணும்னு எப்படித் தெரியும்மா?" என்று அன்று கேட்டேன். "கை சொல்லும்," என்றார். உவமையாகச் சொல்லவில்லை. உளியின் கூர்முனை வரை அவருடைய உடம்பு நீண்டிருந்தது. பட்டையின் கடினம் மாறும் இடத்தை அந்த முனை உணர்ந்தது. உணர்ந்த கணமே மணிக்கட்டு நின்றது.

மெர்லோ-பொன்ட்டி எழுதிய இன்னொன்றையும் கேளுங்கள். கையை இழந்தவர்களுக்குச் சில நேரம் அந்தக் கை இன்னும் இருப்பதுபோல் தோன்றும். இல்லாத விரல் வலிக்கும். அவர் இதை விளக்கும்போது, நம்மிடம் பழக்கத்தால் படிந்த உடம்பு ஒன்றும் இந்தக் கணத்தில் இருக்கும் உடம்பு ஒன்றும் அடுக்கடுக்காக இருக்கின்றன என்றார். இன்றைய உடம்பு கையை இழந்துவிட்டது. பழகிய உடம்பு இழக்கவில்லை.

நம் மக்களில் எத்தனையோ பேர் இழந்தது கையை அன்று, கைக்குப் பழகிய காட்டை. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, துண்டு போடப்பட்டன, வீட்டுமனைகளாயின. லயம் காலியானது. அடுக்குமாடி வீட்டுக்கு வந்த முதியவர்கள் இன்னும் நான்கு மணிக்கு எழுகிறார்கள். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் சமையலறை விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மழை வரும் மணம் வந்தால் பதறுகிறார்கள். பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைய சம்பளம் இல்லை என்று பழகிய உடம்பு அது. பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தூக்கும் காண்டாக் கம்பு சுமந்த தோள் ஒரு பக்கம் இறங்கியே இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் இதை 'வயசாயிடுச்சு' என்கிறார்கள். நான் இதை நினைவு என்பேன். அந்த நினைவு தலையில் இல்லை. தோளிலும் மூக்கிலும் மணிக்கட்டிலும் தங்கியிருக்கிறது.

இப்போது 'நான்' என்பதற்கு வருகிறேன். மலாக்காவில் இரண்டு தமிழர் முதன்முதலாகச் சந்தித்தால் பெரியவர்கள் கேட்கும் கேள்வி, "நீங்க எந்தத் தோட்டம்?" தமிழ்நாட்டில் "எந்த ஊர்?" என்று கேட்கும் அதே இடத்தில் நாம் தோட்டத்தை வைத்துவிட்டோம். ஏன் அந்தக் கேள்வி முதலில் வருகிறது? இலங்கைத் தமிழரும் மானிடவியல் அறிஞருமான ஈ. வாலண்டைன் டேனியல் இதை விளக்க ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். திருச்சி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்து 1984இல் அவர் வெளியிட்ட அந்த நூலுக்கு, தமிழ் முறையில் ஓர் ஆளாக இருப்பது என்ற பொருளில் துணைத்தலைப்பு. அவர் கண்டது இது: தமிழருக்கு ஊர் என்பது வரைபடத்தில் உள்ள எல்லைக்கோடு அன்று. ஊர் மண்ணின் குணம் அங்கு விளைந்த சோற்றிலும் ஊறிய தண்ணீரிலும் கலந்து ஆளுக்குள் போகிறது. ஆளும் ஊருக்குள் கலக்கிறார். தோலோடு ஆள் முடிந்துவிடுவதில்லை. அதனால்தான் ஒரு மண் நமக்கு ஒத்துக்கொள்கிறது, இன்னொன்று ஒத்துக்கொள்வதில்லை.

இதைப் படித்தபோது நம் சைவ சித்தாந்தம் எனக்கு நினைவுக்கு வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தைப் பன்னிரண்டு நூற்பாக்களில் வகுத்தார். உடம்புக்குள் உயிர் என்று வேறாக ஒன்று உண்டா என்று அதன் மூன்றாம் நூற்பா ஆராய்கிறது. 'என் உடம்பு' என்று நாம் சொல்வதே ஒரு சான்று. உடம்பை உடையவர் உடம்பிலிருந்து வேறானவர் என்று அதன் வாதம் போகும். இந்த இடத்தில் மெர்லோ-பொன்ட்டியும் மெய்கண்டாரும் பிரிகிறார்கள். பிரியவில்லை என்று பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதே சித்தாந்தம் உயிருக்கு ஓர் இயல்பு சொல்கிறது: சார்ந்ததன் வண்ணமாதல். எதைச் சார்ந்திருக்கிறதோ அதன் நிறத்தை உயிர் ஏற்றுக்கொள்ளும். முப்பது வருடம் இருட்டையும் மரத்தையும் பாலையும் சார்ந்திருந்த ஓர் உயிர் என்ன வண்ணம் பெற்றிருக்கும்? இது சித்தாந்த வகுப்புக்கும் உரிய கேள்வி, நிகழ்வியல் வகுப்புக்கும் உரிய கேள்வி. இதற்கு விடை சொல்லக்கூடியவர்கள் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள்.

மலாக்காவிலேயே இன்னொரு விடையும் இருக்கிறது. காஜா பெராங்கில் வாழும் மலாக்கா செட்டிகளை உங்களுக்குத் தெரியும். சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து இங்கேயே மணம் முடித்துத் தங்கிய தமிழர்களின் வழிவந்தவர்கள். அவர்கள் வீட்டுமொழி மலாய். பெண்கள் கெபாயா உடுத்துவார்கள். தமிழ் பேச்சிலிருந்து போய்ப் பல தலைமுறை ஆகிறது. ஆனால் டச்சுக்காரர் ஆட்சியில் 1781இல் அவர்கள் முன்னோர் பொற்கொல்லர் தெருவில் (ஜாலான் துக்காங் எமாஸ்) எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் நிற்கிறது. போகியன்று முன்னோருக்கு வாழையிலை விரித்துப் படையல் வைக்கிறார்கள். அதை 'பார்ச்சு' என்கிறார்கள். மொழி போன பிறகும் இலை விரிக்கும் கை போகவில்லை. நாக்கு மறந்ததைக் கை வைத்திருந்தது. மொழி போனால் எல்லாம் போயிற்று என்று நாம் மேடையில் சொல்கிறோம். மொழியை விடக்கூடாது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் ஒருவர் யார் என்பது எங்கெங்கே தங்கியிருக்கிறது என்று கேட்க, செட்டிகளின் அந்த வாழையிலை நம்மைத் தூண்ட வேண்டும்.

கையைப் பற்றிச் சொன்னேன். காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குக் காவடி எடுத்து நடந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். வாலண்டைன் டேனியல் தன் நூலில் சபரிமலைக்குக் கிராமத்தாரோடு தானும் வெறுங்காலோடு நடந்ததை எழுதியிருக்கிறார். முதலில் பாதத்து வலி வேறு, தொடை வலி வேறு, தலைச்சுமை வலி வேறு என்று தெரியும். போகப் போக எல்லாம் ஒரே வலியாகும். பிறகு வலிப்பது யாருக்கு என்பதே கரைந்து, கடைசியில் அன்பு மட்டும் மிஞ்சும் என்று உடன் நடந்தவர்கள் அவரிடம் சொன்னார்கள். 'நான்' என்ற எல்லை நடந்து நடந்து தேய்கிற அனுபவம் அது. காவடி எடுத்த உங்கள் மாமாவையோ சித்தியையோ கேளுங்கள். "எல்லாம் முருகன் செயல்" என்பதோடு விட்டுவிடாமல், எந்த இடத்தில் கால் மரத்தது, எந்த இடத்தில் கூட்டத்தின் குரல் உள்ளுக்குள் கேட்கத் தொடங்கியது என்று கேளுங்கள். அவர்களுக்குச் சொல்லத் தெரியும்.

இன்னொரு நடையும் நம் மாநிலத்தில் தொடங்கியது. 1967இல் புக்கிட் அசகான் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் குறையை முறையிடக் கோலாலம்பூர் வரை நடந்தே போனார்கள். கடிதம் எழுதினால் யாரும் படிக்காத காலத்தில் அவர்கள் தங்கள் உடம்பையே மனுவாகக் கொண்டுபோனார்கள். நிரைக்குள் நடந்து நடந்து பழகிய அதே கால்கள், இந்த முறை தாங்களே தேர்ந்த திசையில் நடந்தன. தோட்ட எல்லையைத் தாண்டும் அந்த அடியில் ஒருவருக்குத் தன் உடம்பு எப்படித் தோன்றியிருக்கும்? தொழிற்சங்க வரலாறு எழுதுகிறவர் கோரிக்கைகளை எழுதுவார். இந்தக் கேள்வியை எழுத வேண்டியவர் நிகழ்வியல் படித்தவர்.

இதுவரை பெருமையாகச் சொன்னேன். வலிக்கிறதையும் சொல்ல வேண்டும்.

ஃபிரான்ஸ் ஃபனோன் மார்த்தினீக் தீவில் பிறந்த கறுப்பின மருத்துவர். 1952இல் அவர் எழுதிய நூலில் ஒரு காட்சி உண்டு. வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று அவரைக் காட்டிப் பயந்து கத்துகிறது. அந்தக் கணத்தில் அவருடைய சொந்த உடம்பு அவரிடமிருந்து பிடுங்கப்பட்டு, அடுத்தவர் கண்ணில் தயாரான ஒரு பொருளாகத் திரும்பி வருகிறது. 'என்னால் முடியும்' என்றிருந்த உடம்பு 'என்னைப் பார்க்கிறார்கள்' என்று சுருங்குகிறது. பெரட்டுக் களத்தில் துரையின் முன்னால் தலை குனிந்து நின்ற நம் தாத்தாக்களின் முதுகெலும்பு அந்தக் குனிவையும் பழகிக்கொண்டது. அலுவலகக் கௌண்டரில் இன்றும் சில பெரியவர்கள் நாற்காலியின் விளிம்பில் மட்டும் உட்காருவதைக் கவனியுங்கள். பழக்கம் திறமையை மட்டும் உடம்பில் எழுதுவதில்லை, அடிமைத்தனத்தையும் எழுதும்.

நாமே நம்மவர்க்குச் செய்ததும் உண்டு: தீண்டாமை. வலக்கையால் இடக்கையைத் தொட்டுப் பார், தொடுவது எது, தொடப்படுவது எது என்று ஹுசர்ல் கேட்டார். தொடுகிறவர் தொடப்படாமல் தொட முடியாது. இந்தியத் தத்துவ அறிஞர் சுந்தர் சருக்கை தீண்டாமையின் நிகழ்வியலை ஆராய்ந்து 2009இல் எழுதிய கட்டுரையில் இந்த இடத்திலிருந்துதான் புறப்படுகிறார். தொட மறுக்கிறவர் உண்மையில் தான் தொடப்படுவதை மறுக்கிறார். தீண்டாமை அவருக்குள் இருக்கும் ஒன்று, அதை அவர் மற்றவர் தலையில் ஏற்றிவிடுகிறார் என்பது சருக்கையின் வாதம். கடல் தாண்டி வந்த நம் முன்னோர் சாதியையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். சாதி பார்த்து லயம் பிரித்த தோட்டங்கள் மலாயாவில் இருந்தன. ஒரே பால் வாளியைத் தூக்கிய கைகள் ஒரே குவளையில் தண்ணீர் குடிக்கவில்லை. இதையும் எழுதுங்கள். பாட்டியின் கையைப் போற்றும்போது, அந்தக் கை யாரைத் தொட மறுத்தது, யாரால் தொட மறுக்கப்பட்டது என்பதை விட்டுவிட்டால் நீங்கள் எழுதுவது துதி ஆகிவிடும்.

உடம்பு சாட்சி சொன்னதைக் கேளாமல் விட்ட கதையும் ஒன்று உண்டு. தோட்டங்களில் களைக்கொல்லி அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். மூக்கில் ரத்தம் வருகிறது, நகம் கழன்று விழுகிறது, கண் மங்குகிறது என்று அவர்கள் சொன்னார்கள். ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையில் இயங்கிய தெனகானித்தா அமைப்பு அந்தப் பெண்களின் வாக்குமூலங்களைத் திரட்டி 2002இல் ஆய்வறிக்கை வெளியிட்டது. அந்தக் களைக்கொல்லிகளில் ஒன்றான பாராகுவாட்டுக்குத் தடை வரும் என்று அரசு அந்த ஆண்டே அறிவித்தது. 2006இல் அது தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதிதான். பதினெட்டு ஆண்டு. அந்தப் பெண்களின் உடம்புக்கு முதல் நாளே தெரிந்த ஒன்றைச் சட்டம் தெரிந்துகொள்ள அத்தனை காலம் ஆயிற்று. உடம்பின் அறிவை அறிவு என்று ஏற்க மறுப்பது வெறும் தத்துவப் பிழை அன்று. அதனால் ஆட்கள் நோய்ப்பட்டார்கள்.

இங்கேதான் இந்த மடலின் மையத்துக்கு வருகிறேன். கோபால் குரு என்ற தலித் சிந்தனையாளர் 2002இல் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியச் சமூக அறிவியலில் சிலர் கோட்பாடு செய்யும் பிராமணர்களாகவும், மற்றவர்கள் தகவல் மட்டும் தரும் சூத்திரர்களாகவும் பிரிந்து கிடக்கிறார்கள் என்று அதில் குற்றம் சாட்டினார். பிறகு அவரும் சுந்தர் சருக்கையும் இதைப் பற்றி நீண்ட விவாதம் நடத்தினார்கள். 2012இல் அது நூலாயிற்று. பட்டவருக்குத்தான் பேச உரிமையா, படாதவரும் கோட்பாடு செய்யலாமா என்பது அந்த விவாதத்தின் உயிர்நாடி.

மலேசியத் தோட்டத் தமிழரைப் பற்றி நல்ல ஆய்வு நூல்கள் வந்திருக்கின்றன. எழுதியவர்களுக்கு நான் நன்றி உள்ளவள். ஆனால் அந்த நூல்களில் நம் மக்கள் எங்கே வருகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் பேட்டி கொடுத்தவர்களாக வருகிறார்கள். கஷ்டத்தைச் சொல்ல அவர்கள், கருத்தைச் சொல்ல வேறொருவர். அனுபவம் நமக்கு, சிந்தனை அடுத்தவருக்கு என்ற இந்தப் பங்கீட்டை நீங்கள் ஏற்காதீர்கள். இதைக் கேட்கத்தான் இத்தனை தூரம் எழுதினேன்.

பழைய வாழ்க்கை திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் அம்மா ஒருநாளும் உளியை என் கையில் கொடுக்கவில்லை. கொடுக்காமல் இருந்ததுதான் அவர் எனக்குச் செய்த பெரிய உதவி. ஆனால் உளியைக் கொடுக்காதவர், அதைப் பிடித்தபோது தனக்குத் தெரிந்ததையும் எனக்குச் சொல்லாமலே விட்டார். சொல்லத் தகுந்தது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. தத்துவம், உளவியல், சமூகவியல் என்று எதைப் படித்தாலும் சரி, பொறியியல் படித்தாலும் சரி, விடுமுறைக்குப் போகும்போது பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். "தோட்டத்து வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "கஷ்டந்தான்யா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். மரத்துக்கு எந்தப் பக்கம் நிற்பீங்க? முதல்ல எந்தக் கால் நகரும்? உளியை எந்த விரல் தாங்கும்? இருட்டில் அடுத்த மரம் எங்கே என்று எப்படித் தெரியும்? பால் வடியும் மங்கு நிறையப் போகிறது என்று பார்க்காமலே தெரியுமா? மழை வரப்போவது உடம்பில் எங்கே தெரியும்? ஆயாக் கொட்டகையில் விட்டு வந்த பிள்ளை அழுவது நிரையில் நிற்கும்போது எப்படித் தெரிந்தது? கேட்டுவிட்டு அவர் கையைப் பாருங்கள். பேச்சு நின்ற இடத்தில் கை தொடங்கிவிடும். பாட்டியின் சம்மதத்தோடு கைப்பேசியில் அந்தக் கையைப் படம் பிடியுங்கள்.

அவர் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதுங்கள். பெரட்டு, நிரை, மங்கு, காண்டா, ஒட்டுப்பால் என்று அவர் வாயில் வரும் சொற்கள் அகராதியில் இல்லாவிட்டாலும் அப்படியே இருக்கட்டும். அவை அந்த அறிவின் கலைச்சொற்கள். பிறகு நீங்கள் யோசியுங்கள். ஹுசர்லும் மெர்லோ-பொன்ட்டியும் மெய்கண்டாரும் உங்களுக்குத் துணைக்கு வரட்டும். பாட்டி சொன்னது மெர்லோ-பொன்ட்டி சொன்னதோடு ஒத்துப்போனால் எழுதுங்கள். ஒத்துப்போகாவிட்டால் கட்டாயம் எழுதுங்கள். மெர்லோ-பொன்ட்டி பார்வையற்றவரின் தடியைத்தான் அறிவார், சம்பளத்துக்கு வெட்டுகிறவரின் உளியை அறியமாட்டார். தடி தரையைக் காயப்படுத்தாது. உளி மரத்தைக் காயப்படுத்தியே அறிகிறது. காயம் மிஞ்சாமல் நிறுத்தவும் தெரிந்திருக்கிறது. இந்த வேறுபாட்டில் ஒரு முழு ஆய்வேடு இருக்கிறது. அதை எழுத மலாக்காவில் பிறந்த உங்களைவிடப் பொருத்தமானவர் யார்?

ஆய்வேட்டை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டியிருக்கும். எழுதுங்கள். ஒரு பிரதியைத் தமிழிலும் எழுதிப் பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் 'இது இப்படி இல்ல' என்று திருத்தினால் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் பேராசிரியர் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் திருத்தம் நடக்கட்டும்.

பால்மரக் காட்டில் வெட்டிய கடைசித் தலைமுறைக்கு இன்று எழுபது வயதும் எண்பது வயதும் ஆகின்றன. அவர்கள் கைக்குத் தெரிந்தது எந்த நூலகத்திலும் இல்லை. அந்தக் கைகளில் மட்டும் இருக்கிறது. அடுத்த விடுமுறை வரை காத்திருக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள்.

அன்புடன்,
ஜாசின் தோட்டத்து லயத்தில் பிறந்த உங்கள் அக்கா